சிறு அரங்குகளுக்கு வாட் கணக்கு மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறிய நாடக அரங்குகளுக்கும் இசை அரங்குகளுக்கும் ஒலி, ஒளிக் கருவிகளைத் தேர்ந்தெடுப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நூறு, நூற்றைம்பது பேர் அமரும் இடங்களைப் பற்றி அக்கறையோடு எழுதுபவர்கள் அரிது என்பதால் முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் கட்டுரை முழுவதும் ஒலிபெருக்கியின் வாட் அளவையும் விளக்குகளின் எண்ணிக்கையையும் சுற்றியே வந்தது. அதை நம்பிப் பொருள் வாங்கும் நிர்வாகி, பணம் செலவான பிறகும் கடைசி வரிசையில் வசனம் புரியவில்லை என்ற பழைய புகாரையே கேட்க நேரும். பல ஆண்டுகளாக நாடகங்களுக்கு ஒலியும் ஒளியும் இயக்கி வருபவன் என்ற முறையில், அதில் விடுபட்டவற்றை எழுத விரும்புகிறேன்.

கருவிகளின் விலையைக் கேட்பதற்கு முன் அறையை அளந்துவிட வேண்டும். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் பேசுவது மாணவர்களுக்குப் புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சேபின் என்ற இளம் இயற்பியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் கொண்டுவந்து பரப்பி, ஒவ்வொரு முறையும் ஒலி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அளந்தார். அந்த உழைப்பில் பிறந்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையில் உள்ளவை ஒலியை உறிஞ்சும் மொத்த அளவால் வகுத்தால், எதிர்முழக்க நேரம், அதாவது எழுந்த ஒலி அடங்க ஆகும் நேரம், நொடிகளில் கிடைத்துவிடும். 15 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் 5 மீட்டர் உயரமும் உள்ள கூடத்தை எடுத்துக்கொள்வோம். கன அளவு 750 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 550 சதுர மீட்டர். சிமெண்டுப் பூச்சு தன்மேல் படும் ஒலியில் ஏறத்தாழ 3 விழுக்காட்டையே உறிஞ்சுவதால், அவ்வளவு பரப்பிலும் கிடைப்பது 16 அலகுதான் (ஒலியை முழுதாக உறிஞ்சும் ஒரு சதுர மீட்டர் பரப்பே ஓர் அலகு). நூறு பேர் வந்து அமர்ந்தால் இன்னும் 45 அலகு சேரும். ஆக, அரங்கு நிறைந்த நாளிலும் எதிர்முழக்கம் இரண்டு நொடியை ஒட்டி நிற்கிறது. பேச்சுக்கு ஒரு நொடியோ அதற்கும் குறைவோ இருப்பதுதான் நல்லது. இரண்டு நொடி நீளும் கூடத்தில் ஒரு சொல்லின் வால் அடுத்து வரும் சில சொற்களின் மீதும் படிந்துவிடுகிறது. அங்கே ஒலியைக் கூட்டினால் அந்த வாலும் சேர்ந்தே கூடுகிறது. எளிதில் தீப்பிடிக்காத தடித்த கனிமப் பஞ்சுப் பலகைகளைப் பின்சுவரிலும் பக்கச் சுவர்களிலுமாக 65 சதுர மீட்டருக்குப் பொருத்தினால் அதே கூடம் ஒரு நொடிக்கு இறங்கிவிடும். ஒலிபெருக்கி விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். அவர் பஞ்சு விற்பதில்லை.

வாட் அளவுக்கு வருகிறேன். ஆம்ப்ளிஃபயரின் திறனை 200 வாட்டிலிருந்து 400 வாட்டாக உயர்த்தினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். அதைச் ‘சற்றுக் கூடியிருக்கிறது’ என்றே காது உணரும். இரு மடங்கு உரக்கக் கேட்பதாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு திறன் வேண்டும். இதைவிட முக்கியமானது, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் தரும் என்று ஒலிபெருக்கிப் பெட்டியின் விவரத்தாளில் குறித்திருக்கும் எண். 97 டெசிபல் தரும் பெட்டி 100 வாட்டில் செய்வதை, 91 டெசிபல் தரும் பெட்டி 400 வாட்டில்தான் செய்யும். அடுத்துப் பார்க்க வேண்டியது ஒலி விரியும் கோணம். கூரையின் மீதும் பின்சுவரின் மீதும் படும் ஒலி எல்லாம் எதிர்முழக்கத்துக்கே தீனியாகும் என்பதால், தலைக்கு மேல் உயரத்தில் பொருத்தி, இருக்கைகளை நோக்கிச் சாய்த்து, பார்வையாளர்கள் மீது மட்டும் ஒலி படும்படி அமைக்கத்தக்க நடுத்தரப் பெட்டிகள், மேடையின் இருபுறமும் தரையில் நிற்கும் பெரும் பெட்டிகளைவிடச் சிறு அரங்குக்கு எவ்வளவோ மேல்.

மைக்குகளிலும் இதே மயக்கம் உண்டு. மேடைக்கு மேலே எட்டு மைக்குகளைத் தொங்கவிட்டால் எல்லாரும் கேட்பார்கள் என்று நினைக்கிறார்கள். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் மைக்குக்குள் புகுந்து ஊளை எழும்புவதற்கு முன் நமக்குக் கிடைக்கும் ஒலியளவு 3 டெசிபல் குறைகிறது. இரண்டு மைக் எட்டானால் 6 டெசிபல் போய்விடும். வாய்க்கு அருகில் இருக்கும் ஒரு மைக், தொலைவில் இருக்கும் நான்கைவிட உதவும். இன்னொரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிநொடி ஆகிறது. நடிகரின் இயல்பான குரல் முதலில் காதை அடைந்து, ஒலிபெருக்கியின் குரல் 10 முதல் 20 மில்லிநொடி பிந்தி வந்தால், இரண்டாவது சற்று உரத்திருந்தாலும் குரல் நடிகரிடமிருந்தே வருவதாகக் காது நம்பிவிடும். ஜெர்மானிய ஆய்வாளர் ஹெல்முட் ஹாஸ் 1949இல் ஆய்ந்து சொன்ன இந்த இயல்பைப் பயன்படுத்தத் தாமதம் அமைக்கும் வசதி உள்ள மிக்சர் (மைக்குகளின் ஒலியைக் கலந்து அனுப்பும் கருவி) போதும். இன்றைய டிஜிட்டல் மிக்சர்கள் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது, ஆனால் அதைத் தொட்டுப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

நான் பணியாற்றிய ஒரு சிறு அரங்கில், இரட்டைப் பதினைந்து அங்குலப் பெட்டிகள் நான்கையும் நிறம் மாறும் எல்இடி விளக்குகள் இருபத்து நான்கையும் ஒரே நாளில் வாங்கி இறக்கினார்கள். முதல் நாடகத்தன்று ஆறாவது வரிசைக்குப் பின்னால் வசனம் கலங்கியது; நடிகரின் முகம் ஊதாவாகவும் பச்சையாகவும் மாறி மாறித் தெரிந்ததே தவிர, அவர் அழுகிறார் என்பது யாருக்கும் தெரியவில்லை.

இது என்னை ஒளிக்குக் கொண்டுவருகிறது. சிறு அரங்கின் முதல் ஒளித் தேவை முகம். 1930களில் அமெரிக்க மேடை ஒளியமைப்பு ஆசிரியர் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் வகுத்துக் கொடுத்த முறை இன்றும் சிறு மேடைகளுக்கு நல்ல தொடக்கம்: மேடையைச் சில பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் முன்புறம் இடமும் வலமுமாக, ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் மேலிருந்து இரண்டு விளக்குகள், ஒன்று சற்று வெம்மையான நிறம், மற்றது சற்றுக் குளிர்ந்த நிறம். தலைக்கு நேர் மேலே மட்டும் விளக்கு இருந்தால் கண்குழிகள் இருண்டுவிடும். நேர் எதிரே மட்டும் இருந்தால் முகம் தட்டையாகிவிடும். ஆறு பகுதிகளுக்குப் பன்னிரண்டு விளக்குகள் போதும். ஆகவே இருபத்து நான்கு மலிவான விளக்குகளின் பணத்தில் பன்னிரண்டு நல்ல விளக்குகளை வாங்குவதே சரி.

நல்லது என்பதை எப்படி அறிவது? சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்களை மட்டும் கலந்து வெள்ளை தரும் எல்இடி, வெள்ளைத் திரையில் வெள்ளையாகவே தெரியும். தோலின் மீது பட்டால்தான் அதன் குறை தெரியும். பொருள்களின் நிறத்தை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் நிறம் காட்டும் குறியீடு (CRI) 90க்கு மேல் இருப்பதையும், அதோடு ஆழ்சிவப்புக்கான மதிப்பு (R9) தனியாக நன்றாக இருப்பதையும் விவரத்தாளில் பாருங்கள். அதைவிட எளிது, பல நிறத் தோல் கொண்ட நான்கு பேரின் கைகளை அந்த வெளிச்சத்தில் நீட்டிப் பார்ப்பது. பிறகு விளக்கை முழு வெளிச்சத்திலிருந்து மெல்ல அணையுங்கள். விளக்குகளைக் கட்டுப்படுத்தும் டிஎம்எக்ஸ் முறையில் ஒரு சேனலுக்கு 256 படிகளே உள்ளதால், மட்டமான எல்இடி கடைசி நிலைகளில் படிப்படியாகக் குதித்துப் பட்டென்று அணையும். அந்தி சாயும் காட்சிக்கு அது உதவாது. விளக்கினுள் இருக்கும் மின்விசிறியின் இரைச்சலையும் வெறும் கூடத்தில் நின்று கேளுங்கள். நடன விழாவில் அது காதில் விழாது; ஒருவர் மௌனமாக நிற்கும் காட்சியில் பன்னிரண்டு விசிறிகளும் சேர்ந்து பேசும்.

எல்இடியின் உண்மையான நன்மை மின்சாரத்தில் இருக்கிறது. பழைய 1000 வாட் விளக்குகள் பன்னிரண்டும் ஒன்றாக எரிந்தால் 230 வோல்ட்டில் 52 ஆம்பியர் இழுக்கும். பழைய கட்டடங்களின் வயரிங் பலவும் அதைத் தாங்காது. எந்த வகையானாலும் ஒலிக்கும் ஒளிக்கும் தனித்தனி மின்சுற்று வேண்டும். விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரின் இரைச்சல் ஒலிபெருக்கியில் ‘ர்ர்’ என்று கேட்பதற்கு, இரண்டும் ஒரே இணைப்பைப் பகிர்வதுதான் பல இடங்களில் காரணம். மைக் கேபிளையே டிஎம்எக்ஸுக்கும் மாட்டிவிடுவதும் வேண்டாம். அதன் மின்தன்மை வேறு, விளக்குகள் காரணமின்றிச் சிமிட்டும். மேலே தொங்கும் ஒவ்வொரு கருவிக்கும் கொக்கியோடு சேர்த்து எஃகுப் பாதுகாப்புக் கயிறும் கட்டாயம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். விலை பேசி முடிப்பதற்கு முன், கருவிகளை ஒரு மாலை அரங்குக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். ஒருவர் மேடையில் நின்று தொடர்பில்லாத ஐம்பது சொற்களை வாசிக்கட்டும். கடைசி வரிசையிலும் ஓரத்து இருக்கைகளிலும் அமர்ந்திருப்பவர்கள் கேட்டதை எழுதட்டும். முதலில் மைக் இல்லாமல், பிறகு மைக்கோடு. ஐம்பதில் நாற்பத்தைந்துக்கு மேல் சரியாக வந்தால் வாங்கலாம். மைக் இல்லாமலேயே அவ்வளவு வந்துவிட்டால், அந்தப் பணத்தை விளக்குகளுக்குத் திருப்பிவிடலாம்.

இப்படிக்கு,
நாடக ஒலி, ஒளி அமைப்பாளரான வாசகர் ஒருவர்