இரா. செழியன் அவையுரைத் தொகுப்பு: துணை நின்றோர்க்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

1962 முதல் 1977 வரை மக்களவையிலும், 1978 முதல் 1984 வரை மாநிலங்களவையிலும் உறுப்பினராக இருந்த இரா. செழியன் அங்கே பேசியவற்றைத் திரட்டத் தோள்கொடுத்த அனைவருக்கும் எங்கள் நன்றி.

முதல் வணக்கம் நூலகர்களுக்கு. மக்களவை விவாதங்களின் பழைய அச்சில் பக்க எண் கிடையாது. ஒரு பக்கத்துக்கு நெடுக்காக இரண்டு பத்தி (column), ஒவ்வொரு பத்திக்கும் தனி எண். தேதி, நூல் தொகுதி எண், பத்தி எண் மூன்றையும் குறித்தால்தான் மறுபடி தேடும்போது கிடைக்கும் என்று தொடக்கத்திலேயே சொன்னவர்கள் நீங்கள்தான். தேதிக்குப் பக்கத்தில் சக ஆண்டும் (ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 78 குறைவான இந்திய ஆண்டுக் கணக்கு) அச்சாகியிருக்கும். அதைக் கவனிக்காமல் 1887 என்று பதிந்தால், 1965இல் பேசியவர் விக்டோரியா காலத்துக்குப் போய்விடுவார்!

அச்சுப் பக்கப் படத்தை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் வேலை பார்த்த இளைஞர்களுக்குத் தனி நன்றி. மென்பொருள் இரண்டு பத்தியையும் குறுக்கே ஒரே வரியாகப் படித்துவிடும். செழியனின் கேள்வியில் பாதியும் அமைச்சரின் மறுமொழியில் பாதியும் ஒட்டிக்கொள்ளும். படத்தை நடுக்கோட்டில் வெட்டி, இடம் வலமாகத் தனித்தனியே கொடுத்த பிறகுதான் உரை ஒழுங்காக வந்தது. பெயருக்குப் பின் வரும் ஊரையும் நீங்கள் ஒத்துப்பார்த்தீர்கள்: 1962 தேர்தலில் பெரம்பலூர், 1967, 1971 தேர்தல்களில் கும்பகோணம்.

கேள்வி நேரப் பக்கங்களில் ஒரே கேள்விக்குப் பல உறுப்பினர்களின் பெயர் இருக்கும். கூட்டல் குறி யார் பெயர் மேல் இருக்கிறதோ, அவரே அவையில் எழுந்து கேட்டவர். குறி இல்லாதவற்றை வேறு பட்டியலாகப் பிரித்தவர்களுக்கு நன்றி. குறுக்கீடுகள் பல தேவநாகரியில் அச்சாகியுள்ளன. இந்தித் திணிப்பை எதிர்த்த திமுக கட்சிக்காரரின் உரையைச் சரிபார்க்க இந்தி தெரிந்த நண்பர்களைத் தேட வேண்டியிருந்தது. அவர்களும் சிரித்துக்கொண்டேதான் உதவினார்கள்.

1971 முதல் 1973 வரை செழியன், அரசின் செலவுக் கணக்குகளை ஆராயும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் தலைவர். அந்த அறிக்கைகளை மட்டும் படித்தால் கதை பாதியில் நின்றுவிடும். அரசு என்ன செய்தது என்பது பின்னால் வரும் நடவடிக்கை அறிக்கையில் இருக்கிறது. இரண்டையும் பாராவாரியாக இணைத்துத் தந்தவர்கள் கணக்குத் தணிக்கைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர்கள். தொகுப்பிலேயே கனமான பகுதி அதுதான்.

நெருக்கடி நிலைக் காலப் (1975-77) பகுதியில் நாளிதழ்களை நம்ப முடியாது, செய்தித் தணிக்கை இருந்தது. அவை நடவடிக்கைகளை வெளியிடும் செய்தியாளருக்குக் காப்பளித்த 1956ஆம் ஆண்டின் பெரோஸ் காந்தி சட்டமும் அப்போது நீக்கப்பட்டது, 1977இல்தான் மீண்டது. 1975 ஜூலைக் கூட்டத்தில் கேள்வி நேரமே இல்லை. ஆகவே அங்கே கேள்விகள் இல்லாததைப் பக்கம் விடுபட்டதாகக் கொள்ள வேண்டாம் என்று எச்சரித்த ஆய்வாளருக்கு நன்றி.

தாளைப் பத்திரப்படுத்துவதில் செழியனே நமக்கெல்லாம் மூத்தவர். நெருக்கடி நிலைக் கால அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையத்தின், கிடைப்பதற்கு அரிதாகிவிட்ட அறிக்கையைத் தம்மிடமிருந்த படியைக் கொண்டு 2010இல் மறுபடி நூலாக்கினார்.

நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கான தொகுதி மேம்பாட்டு நிதி பற்றிய அவருடைய கண்டனம் ஏன் இல்லை என்று சிலர் கேட்டீர்கள். அத்திட்டம் வந்தது 1993 டிசம்பரில். அவர் அவையை விட்டது 1984இல். அதை அவர் எழுத்தில்தான் தேட வேண்டும்.

மாநிலங்களவைப் பகுதி இப்போது மெய்ப்பில் இருக்கிறது. பிழை கண்டால் தேதி, தொகுதி, பக்க அல்லது பத்தி எண்ணோடு எழுதுங்கள்.

நன்றியுடன்,
தொகுப்புக் குழுவினர்