நம்ம சங்கத்தோட 2024-25 ஆண்டறிக்கை, இந்த தடவ பாதி நடுகல் கதைதான்

பொதுக்குழுவுக்கு வர முடியாதவங்க கேட்டதால செயலாளர் அறிக்கைய இங்கயும் போடுறேன். கூட்டம் மாசாமாசம் நடந்துச்சு, நவம்பர் மட்டும் மழையால விட்டுப்போச்சு. சந்தா பாக்கி யாருன்னு அவங்களுக்கே தெரியும், பேர் போடல.

பெரிய வேலைன்னா ஏரிக்கரை நடுகல்ல ஸ்கேன் பண்ணதுதான். லேசர் மெஷின் வாடகைய கேட்டுட்டு போன வச்சுட்டோம், இது போட்டோகிராமெட்ரி. கல்லச் சுத்திச் சுத்தி போட்டோ எடுக்கணும், ஒரு படத்துல இருக்குறதுல முக்கால்வாசி அடுத்ததுலயும் இருக்கணும், அப்பதான் சாஃப்ட்வேர் ஒரே புள்ளிய பல கோணத்துல பாத்து எங்க மேடு எங்க பள்ளம்னு கணக்கு போடும்.

மொத தடவ மண்ணக் கவ்வுனோம். வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெக் காப்பு, கல்லு பளபளன்னு இருக்கு, நாம நகர நகர அந்த பளபளப்பும் இடம் மாறுமா, சாஃப்ட்வேர் குழம்பி வீரன் மூஞ்சி பூரா அம்மத் தழும்பு மாதிரி குழி குழியா வந்துச்சு. விளக்கு போடுற பாட்டிகிட்ட தயங்கித் தயங்கி கேட்டோம். "சாமிய போட்டோ புடிக்க எண்ணெ ஆகாதாப்பா? சரி, ஒரு மாசம் பூவு மட்டும் வைக்கிறேன்"னாங்க.

வெயில்ல காஞ்சு கல்லு மங்கினதும் மேகமூட்டமான ஒரு காலைல போனோம், உருவம் அருமையா வந்துச்சு, ஆனா அளவுகோல் வைக்க மறந்தாச்சு. மறந்தது நான்தான். அது இல்லைன்னா கல்லு ஒரு அடியா ஆறு அடியான்னு கம்ப்யூட்டருக்கு தெரியாது, வெறும் பொம்மைதான். மூணாவது தடவ ரெண்டு பக்கமும் ஸ்கேல் வச்சு எடுத்தோம். கம்ப்யூட்டர்லயே கலர நீக்கிட்டு பக்கவாட்டுல வெளிச்சம் குடுத்துப் பாத்தா, கண்ணுக்கே தெரியாம இருந்த ஒரு வரி வட்டெழுத்து, அதான் பழைய காலத்துத் தமிழ் எழுத்து, மெல்ல எந்திரிச்சு வருது! படிக்க ஆள் தேடுறோம், அதுவரைக்கும் யாரும் 'பல்லவர் காலம்'னு வாட்ஸ்அப்ல கிளப்பாதீங்க.

மைப்படியே (கல்லு மேல தாள ஒட்டி, மை ஒத்தி எழுத்த நகலெடுக்குறது) எடுத்திருக்கலாமேன்னு ஒரு பெரியவர் கேட்டார். நியாயம்தான், ஆனா ஈரத்தாள ஒட்டி பிரஷ்ஷால தட்டணும், நம்ம கல்லு ஓரம் ஏற்கனவே சில்லு சில்லா உரியுது. அடுத்த வருஷமும் இதே மாதிரி எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு வச்சா எங்க எத்தன மில்லிமீட்டர் உதிர்ந்துச்சுன்னு தெரிஞ்சிடும். பாரீஸ் நோத்ர தாம் சர்ச்ச ஆண்ட்ரூ டாலன்னு ஒரு பேராசிரியர் 2010 வாக்குல லேசர்ல அளந்து வச்சிருந்தாரு, 2019ல கூரை எரிஞ்சப்ப அந்த அளவும் கைகுடுத்துச்சு, பாக்கத்தான் அவரு இல்ல, 2018லயே காலமாயிட்டாரு.

செலவு ஸ்கேல், மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க், டீ. கணக்கு பொருளாளர்கிட்ட.

முடிச்சதும் பாட்டிகிட்ட போன்ல காட்டினோம். விரலால திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "முதுகக் காணோமே"ன்னாங்க. பின்பக்கம் முள்வேலிக்குள்ள இருக்கு, எடுக்கல. அடுத்த வருஷம் அதுதான்.