தோவாளைக் காற்றும் உன் ஆறடி வாசலும்

புதுச்சேரி
ஞாயிறு, மழை விட்ட மத்தியானம்

அன்புள்ள செல்விக்கு,

கடிதமும் அதற்குள் நீ எட்டாய் மடித்து வைத்திருந்த தோவாளைப் புது வீட்டுப் பிளானும் வந்து சேர்ந்தன. சாப்பாட்டு மேசையில் விரித்துப்போட்டு நானும் இவரும் அரை நாள் அதிலேயே கிடந்தோம். அடுக்களையைப் பெரிதாக எடுத்திருக்கிறாய், பிடித்திருக்கிறது. பூஜை அறையை மாடிப்படிக்குக் கீழே தள்ளியதற்கு அம்மை ஒன்றும் சொல்லவில்லையா?

சின்னவள் வேலையை விட்டுவிட்டு மறுபடியும் படிக்கப் போகிறாளாம். இவர் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் அவளுக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. இங்கத்திய சேதி இவ்வளவுதான்.

இனி உன் கேள்வி. மேற்குச் சுவரில் ஆறடிக்கு விட்டிருக்கிற வாசலுக்குப் பக்கவாட்டில் நகர்கிற ஸ்லைடிங் கதவா, இரண்டு இலையாகத் திறக்கிற பிரெஞ்சு கதவா? ஏட்டி, நீ கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரியும், உன் மனசு எதில் இருக்கிறது என்று. போன மார்கழியில் இங்கே வந்தபோது டூமாஸ் வீதியில் ஒரு மஞ்சள் சுவர் வீட்டின் முன்னால் செருப்பு வாரை மாட்டுவதுபோல் குனிந்து, அந்த உயரமான இரட்டைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாயே! அதைப் பிரெஞ்சுக்காரர்கள் பிரெஞ்சு கதவு என்று சொல்வதில்லையாம். ‘போர்த் ஃபெனெத்ர்’, அதாவது கதவு ஜன்னல். கதவாகத் திறக்கலாம், ஜன்னலாக வெளிச்சம் தரும். ஆனால் அந்த வீடுகளில் கண்ணாடிக்கு வெளியே சாய்சட்டம் அடுக்கிய மரக்கதவு இன்னொன்றும் இருக்கும். அதைச் சாத்திவிட்டால் வெயில் நின்றுவிடும், காற்று மட்டும் வரும். நீ பிளானில் போட்டிருப்பது வெறும் கண்ணாடி. அதுவும் மேற்கே பார்த்து! சாயங்கால வெயில் தாழ்வாக வந்து விழும், இரண்டடி சன்ஷேடால் அதைத் தடுக்க முடியாது. எந்தக் கதவு போட்டாலும் இது பொது. வாசலுக்கு வெளியே வருகிற தார்சாவை, அதுதான் அந்த வராந்தாவை, இன்னும் நாலடி நீட்டச் சொல்.

நான் ஸ்லைடிங்கோடு ஒன்பது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவள், அதனால் முதலில் அதைத் திட்டிவிடுகிறேன். ஆறடி வாசல் என்பார்கள், ஆனால் ஒரு பாதி மற்ற பாதியின் மேல் போய் நிற்பதால் நடக்கக் கிடைப்பது மூன்றடிக்கும் குறைவு. போன வருஷம் பீரோவை அந்த வழியாக இறக்க முடியாமல் கதவையே கழற்றினோம். கதவு ஓடுகிற டிராக்கில் மணல், முடி, செத்த எறும்பு எல்லாம் போய்ச் சேரும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு குனிந்து அதைத் தேய்ப்பவள் யார் என்று விற்கிறவர்கள் யாரும் கேட்பதில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் இங்கே கரையேறியபோது ஒரே நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை. எங்கள் ஹாலில் கணுக்கால் அளவு தண்ணீர். டிராக்கில் விழுகிற தண்ணீர் வெளியே வடிய அடியில் சின்னத் துளைகள் இருக்க வேண்டும். பொருத்தியவர் ‘சுத்தமாக’ வேலை செய்கிறேன் என்று அதன்மேல் சிலிகானை இழுத்துப் பூசியிருந்தார். ஒரு குண்டூசியால் இவர் குத்தித் திறந்ததும் தண்ணீர் தானாக இறங்கியது.

பிரெஞ்சு கதவில் இந்தத் தொல்லை குறைவு. இரண்டு இலையையும் திறந்தால் வாசல் முழுசாகக் கிடைக்கும். மூடும்போது ரப்பர் பட்டையை நன்றாக அழுத்திக்கொண்டு மூடும். ஸ்லைடிங்கில் மயிர்ப்பிரஷ் உரசுவதுதான், அதனால் தூசியும் காற்றின் விசிலும் கொஞ்சம் உள்ளே வரும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, உனக்கு மேற்கே ஸ்லைடிங்தான் என்று சொல்லப்போகிறேன். திட்டாதே.

உங்க ஆச்சி வீட்டுப் புறவாசல் கதவு ஞாபகம் இருக்கிறதா? ஆடி மாசம் அதை ஆச்சி அம்மிக்குழவியை அண்டக்கொடுத்துத்தான் திறந்து வைப்பாள். ஒரு நாள் நாம் குழவியை நகர்த்தி விளையாடி, உன் சுண்டுவிரல் நகம் போனது. அது தேக்குப் பலகை, நகத்தோடு விட்டது. நீ போடப் போவது மூன்றடி அகலக் கண்ணாடி இலை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வருகிற காற்றுக்குத்தானே முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள்? அந்தக் காற்றை நம்பி வெளியே திறக்கிற இலையை விட முடியாது. சுவரில் கொக்கி போடலாம்தான், ஆனால் கொக்கி மாட்ட ஒருவர் மறந்தால் போதும். உள்ளே திறக்கும்படி வைத்தால் ஹாலில் மூன்றடி இடம் போகும், திரைச்சீலை சிக்கும், மழைத்தண்ணீர் இலையிலிருந்து உன் தரையில் சொட்டும்.

அப்புறம் கிரில். உன் பிளானில் அது இல்லவே இல்லை! ஊரில் கிரில் இல்லாமல் ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்குவாயா? சுவரோடு ஒட்டிக் கிரில் வைத்தால் வெளியே திறக்கிற கதவு அதில் இடிக்கும். ஸ்லைடிங்குக்கு அந்தக் கவலை இல்லை, கொசுவலையும் மூன்றாவது டிராக்கில் தன்னால் நகரும். பிரெஞ்சு கதவேதான் வேண்டும் என்றால் கிரிலைத் தார்சாவின் விளிம்புக்குக் கொண்டுபோக வேண்டும், செலவு கூடும்.

உன் ஆசைக்குக் கிழக்குப் பக்கம் இருக்கிறது. கிணற்றைப் பார்த்த அந்த ஐந்தடி வாசலில் பிரெஞ்சு கதவு போடு. காலையில் இரண்டு இலையையும் விரியத் திறந்து வைத்து காப்பி குடி. விசேஷ நாளில் கட்டிலையும் நாற்காலியையும் வெளியே எடுக்கவும் அது உதவும். ஆடிக்காற்று வீட்டுக்கு அந்தப் பக்கம் மோதாது. மற்ற நேரத்தில் ஒரு இலை சாத்தியே கிடக்கும், அதன் மேலும் கீழும் தாழ்ப்பாள் நல்ல கனத்தில் இருக்கிறதா என்று கையால் இழுத்துப் பார். இரண்டு கதவுக்கும் டஃபன்டு கண்ணாடிதான் கேள். அளவு சரியாகக் கொடு, சூடேற்றி இறுக்கிய பிறகு அதை வெட்ட முடியாது, உடைந்து தூளாகிவிடும்.

இன்னொன்று மேஸ்திரியிடம் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே சொல்ல வேண்டியது. ஸ்லைடிங்கின் டிராக் தரைக்கு மேலே இரண்டு அங்குலம் எழும்பி நிற்கும். அம்மை வாக்கரை வைத்துக்கொண்டு அதைத் தாண்டுவது நடக்கிற காரியமா? இப்போதே தரையில் பள்ளம் விட்டு டிராக்கை உள்ளே இறக்கச் சொல். தார்சாத் தரை ஓர் அங்குலமாவது தாழ்ந்து வெளியே வாட்டமாக இருக்கட்டும், இல்லையென்றால் எனக்கு நடந்தது உனக்கும் நடக்கும். டிராக்கில் சேருகிற தண்ணீர் வெளியேற அடியில் தனியாக வழி வை. பிறகு வந்து சிலிகான் பூசுகிறவரின் பக்கத்திலேயே நீ நில்.

வைகாசியில் பால் காய்ச்சு என்கிறாயே, வருகிறேன். தோவாளைப் பிச்சிப்பூவுக்கு இப்போதே ஆள் சொல்லி வை. அதற்கு முன்னால் அம்மையின் வாக்கர் எத்தனை அங்குல அகலம் என்று அளந்து எனக்கு எழுது. கிழக்கு வாசலில் ஒரு இலையை மட்டும் திறந்தால் அது போகுமா என்று பார்க்க வேண்டும்.

உன்
சாந்தி