ஆண்டறிக்கை: கட்டிய பிறகு யார் நடத்துவது?

உறுப்பினர்கள் அனைவருக்கும் செயலாளரின் வணக்கம்.

போன பொதுக்குழுவில் எடுத்த முடிவு நினைவிருக்கும். பத்துத் தலைப்புகளைத் தொட்டுவிட்டு ஓடாமல், ஆண்டு முழுக்க ஒரே விஷயத்தில் நிற்போம் என்றோம். ஆலைகளும் துறைமுகங்களும் மூடிப்போய் வெறிச்சோடிய நகரங்கள், தங்களை மீட்டுக்கொள்ள அரங்கமும் அருங்காட்சியகமும் கட்டுகின்றன. அவற்றில் எது நின்றது, எது விழுந்தது, ஏன்? மாதக் கூட்டங்கள் எல்லாமே இதைச் சுற்றித்தான் நடந்தன. கட்டடக் கலைஞர்கள், நாடகக்காரர்கள், இசைக்காரர்கள், இவற்றில் எதுவும் இல்லாமல் நகரத்தில் அக்கறை உள்ளவர்கள் என்று எல்லாரும் வந்து உட்கார்ந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. வாக்குவாதம் நேரம் தாண்டிப் போன நாள்களே அதிகம்.

ஸ்பெயினின் பில்பாவோ நகரத்தில் இருந்துதான் தொடங்கினோம், வேறு எங்கிருந்து தொடங்குவது? ஃபிராங்க் கெரி வடிவமைத்த குகன்ஹைம் அருங்காட்சியகம் அங்கே 1997 அக்டோபரில் திறந்தது. டைட்டானியத் தகடு போர்த்திய அந்த வளைவுகளைக் கணக்கிட, விமானத் தொழிலுக்காக உருவான காட்டியா என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். கட்டடம் அற்புதம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே கட்டடம் ஒரு நகரத்தைத் தூக்கி நிறுத்தியது என்று அதன் பிறகு உலகம் முழுக்கச் சொல்லப்பட்ட கதையைத்தான் நம் கூட்டம் ஏற்கவில்லை. 1980களில் கப்பல் கட்டும் தளங்களும் எஃகுத் தொழிலும் சரிந்தன, 1983இல் பெருவெள்ளம் வேறு. அதற்குப் பிறகு அந்த நகரம் என்னென்ன செய்தது என்று வரிசையாக வைத்துப் பார்த்தோம். கழிவுநீர் கலந்து செத்துக் கிடந்த ஆற்றைச் சுத்தப்படுத்தும் வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஆற்றங்கரை நிலத்தை வைத்திருந்த பல அரசு அமைப்புகளும் 1992இல் ஒன்றுசேர்ந்து ‘பில்பாவோ ரியா 2000’ என்ற நிறுவனத்தை ஏற்படுத்தின. நார்மன் ஃபாஸ்டர் நிலையங்களை வடிவமைத்த மெட்ரோ ரயில் 1995இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. அருங்காட்சியகம் இந்த வேலைகளுக்கு நடுவில் வந்தது. ஆற்றையும் ரயிலையும் விட்டுவிட்டுப் பளபளப்பை மட்டும் நகலெடுத்த நகரங்களுக்கு என்ன ஆயிற்று என்பது அடுத்த கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் இரண்டு கட்டடங்களைப் பேசினோம். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரம், எஃகுத் தொழில் போன பிறகு, பாப், ராக் போன்ற வெகுஜன இசைக்கென்று ஒரு தேசிய மையம் கட்டியது. நான்கு பெரிய எஃகு உருளைகள், பார்த்தவுடன் மனதில் நிற்கும் வடிவம். 1999 மார்ச்சில் திறந்தது, 2000இலேயே மூடிவிட்டார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. பிறகு அது பல்கலைக்கழக மாணவர் சங்கக் கட்டடம் ஆனது. இன்னொன்று அதே நாட்டின் வெஸ்ட் பிராம்விச்சில் வில் ஆல்சப் வடிவமைத்த ‘தி பப்ளிக்’ கலை மையம், 2008இல் திறந்து 2013இல் மூடப்பட்டது, இப்போது மேல்நிலை மாணவர்கள் படிக்கும் கல்லூரி. இரண்டும் வேறு பயனுக்கு வந்தது நல்லதுதான், இடிக்காமல் விட்டார்களே என்று நானும் நிம்மதிப்பட்டேன். ஆனால் கலைக்காகச் செலவழித்த பணத்துக்கு என்ன பதில்? கட்டுவதற்கு ஒருமுறை மானியம் கிடைத்துவிடுகிறது, ரிப்பன் வெட்டப் பலர் வருகிறார்கள். விளக்கு எரிக்க, கூரை ஒழுகினால் பார்க்க, சம்பளம் கொடுக்க, நிகழ்ச்சி தயாரிக்க ஆண்டுதோறும் பணம் எங்கிருந்து வரும் என்பதை யாரும் முதலில் எழுதி வைப்பதில்லை. பிள்ளையைப் பெற்றால் போதுமா, வளர்க்க வேண்டாமா?

வளர்க்கும் செலவு எங்கே போகிறது என்பதைக் காட்சிக்கூடங்களில் வேலை பார்த்த உறுப்பினர்கள் விளக்கியது இந்த ஆண்டின் மிகப் பயனுள்ள மாலைகளில் ஒன்று. ஓவியங்களை இரவல் வாங்கினால் வெப்பமும் ஈரப்பதமும் ஒரு வரம்புக்குள் இருந்தாக வேண்டும். பெரிய அருங்காட்சியகங்கள் சேர்ந்து வகுத்த பிசோ பசுமை நெறிமுறை, பெரும்பாலான பொருள்களுக்கு 16 முதல் 25 டிகிரி வெப்பம், 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் என்று வரம்பைத் தளர்த்தியிருக்கிறது. முன்பெல்லாம் இதைவிடக் குறுகிய வரம்பு, இரவும் பகலும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வரம்பைக் கொஞ்சம் அகட்டினாலே மின் செலவு கணிசமாகக் குறையும். கண்ணாடிச் சுவரை வானம்வரை எழுப்பிவிட்டு உள்ளே குளிரூட்டிக் குளிரூட்டிப் பணத்தைக் கரைக்கும் வடிவமைப்பைப் பற்றி அன்று பலரும் கோபமாகவே பேசினார்கள், எனக்கும் அதே கோபம் உண்டு.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து எல்ப்ஃபில்ஹார்மோனி இசையரங்கம் பற்றிய விவாதம் மட்டும் முடியவே இல்லை, இரண்டு கூட்டங்களுக்கு நீண்டது. துறைமுகத்தில் கோகோ, தேயிலை, புகையிலை மூட்டைகள் அடுக்கிய பழைய செங்கல் கிடங்கின் தலைமேல் ஹெர்சாக், டி மியூரோன் என்ற கட்டடக் கலைஞர்கள் இருவரும் கண்ணாடியில் ஒரு அலையை ஏற்றி வைத்தார்கள். உள்ளே 2,100 இருக்கைகள், ஒலியமைப்பு யாசுஹிசா டொயோட்டா. ரசிகர்கள் யாரும் இசைக்குழுவை வழிநடத்துபவரிடமிருந்து 30 மீட்டருக்கு மேல் தள்ளி உட்காருவதில்லை. கப்பல் சங்கின் சத்தம் உள்ளே வராமல் இருக்க 12,500 டன் எடையுள்ள பெரிய அரங்கத்தையே 362 சுருள்வில் தொகுதிகளின் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். 2010இல் திறப்பதாக இருந்தது 2017 ஜனவரியில்தான் திறந்தது. நகரத்தின் பங்கு 7 கோடியே 70 லட்சம் யூரோ என்று சொல்லித் தொடங்கியது, கடைசியில் வரிப்பணம் மட்டும் 78 கோடியே 90 லட்சம் யூரோ. ஏன் என்று கேட்டால் காரணம் ரொம்பச் சாதாரணமானது: வரைபட வேலை முடிவதற்கு முன்பே ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். அப்புறம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தகராறு, நடுவில் ஓராண்டுக்கு மேல் வேலையே நின்றது. இசைக்காரர்கள் தரப்பு, அந்த ஒலியைக் கேட்டால் செலவைப் பேச மாட்டீர்கள் என்றது. மற்றவர்கள், அதே பணத்தில் எத்தனை பேட்டைகளில் ஒத்திகைக் கூடம் வந்திருக்கும் என்றார்கள். நான் இரண்டாவது தரப்பு. ஆனாலும் கிடங்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே 37 மீட்டர் உயரத்தில் விட்டிருக்கும் அந்தத் திறந்த தளத்தை நான் மனதார ஆதரிக்கிறேன். கச்சேரிக்குச் சீட்டு வாங்காதவரும் அங்கே ஏறிப் போய்த் துறைமுகத்தைப் பார்க்கலாம். பொதுப்பணத்தில் கட்டிய எந்த அரங்கத்திலும் இப்படி ஓர் இடம் இருக்க வேண்டும் என்பதைச் செயற்குழு ஒருமனதாக ஏற்றது.

ஆண்டு முழுக்கப் பேசியவற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமானது பிரேசிலில் சாவோ பாலோ நகரத்தின் செஸ்க் பொம்பேயா என்ற கலை, விளையாட்டு மையம். கட்டடக் கலைஞர் லினா போ பார்டியிடம் பழைய பீப்பாய்த் தொழிற்சாலை ஒன்றைக் கொடுத்தார்கள். அவர் போய்ப் பார்த்தபோது அந்தக் காலி இடத்தில் ஏற்கெனவே சனிக்கிழமை தோறும் குடும்பங்கள் வந்துகொண்டிருந்தன, பிள்ளைகள் ஓடியாடிக்கொண்டிருந்தார்கள், பொம்மலாட்டம் நடந்துகொண்டிருந்தது. இந்த மகிழ்ச்சி அப்படியே தொடரட்டும் என்பதுதான் அவருடைய வடிவமைப்பின் முதல் விதி. காரைப்பூச்சை உரித்துச் செங்கல்லை வெளியே காட்டினார், ஒரே கூரையின் கீழ் நூலகம், அரங்கம், பட்டறைகள், உள்ளேயே வளைந்து ஓடும் ஒரு நீரோடை, பக்கத்தில் கணப்பு. 1982இல் அந்தப் பகுதி திறந்தது. பின்புற நிலத்தின் நடுவே மூடிய நீர்க்கால்வாய் போனதால் அதன் மேல் கட்ட முடியாது. சரி என்று இரண்டு பக்கமும் கான்கிரீட் கோபுரங்களை எழுப்பி, நடுவில் நடைபாலங்களால் இணைத்துவிட்டார். அந்த விளையாட்டுக் கோபுரங்கள் 1986இல் வந்தன. இதெல்லாம் வடிவமைப்பின் பெருமை. ஆனால் அது இன்றும் நிரம்பி வழிவதற்கு இன்னொரு காரணம் உண்டு, அதைக் கட்டடக்கலைப் பேச்சில் யாரும் சொல்வதில்லை. இதை நடத்தும் செஸ்க் அமைப்புக்கு வணிகத் துறை நிறுவனங்களின் சம்பளப் பட்டியலில் இருந்து 1.5 சதவீதம் கட்டாயப் பங்களிப்பு வருகிறது. அடுத்த ஆண்டு விளக்கு எரியுமா என்று கவலைப்பட வேண்டாம் என்ற நிலையில்தான் பட்டறைகளை மலிவாக, எல்லாருக்கும் திறந்து வைக்க முடிகிறது.

பிரான்சின் டங்கிர்க் துறைமுகத்தையும் சொல்லியாக வேண்டும். பழைய கப்பல் தளத்தின் பிரம்மாண்டமான கூடத்தில் வட்டாரக் கலைத் தொகுப்பை வைக்கக் கேட்டார்கள். அன் லகாதோன், ழான்-ஃபிலிப் வாசால் இருவரும் கூடத்தை நிரப்ப மனமில்லாமல் அதைக் காலியாகவே விட்டு, பக்கத்தில் அதே அளவு, அதே உருவத்தில் ஒளி ஊடுருவும் இலகுவான இரட்டைக் கட்டடத்தை எழுப்பினார்கள், 2013இல் முடிந்தது. பழையது பெரிய நிகழ்ச்சிகளுக்கு அப்படியே கிடைத்தது. இடிக்காதே, கூட்டு, மாற்று என்பது அவர்கள் கொள்கை, 2021இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் விருதும் வந்தது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமெண்டில் இருந்து வரும் காலத்தில் நிற்கிற கூடத்தை இடித்துப் புதுக் கான்கிரீட் போடுவதை நியாயப்படுத்துவது கஷ்டம். கேப் டவுனில் 1924இல் முடிந்த தானியக் கிடங்கின் 42 உருளைகளைக் குடைந்து 2017இல் அருங்காட்சியகம் ஆக்கியது பற்றியும் ஒரு மாலை படம் போட்டுப் பார்த்தோம். அழகு, ஆனால் குடைந்ததில் பாதி உழைப்பு பிரமிப்புக்காகவே போயிற்று என்பது என் கருத்து. பலர் ஒத்துக்கொள்ளவில்லை.

அக்கம்பக்கம் பற்றிய கூட்டத்துக்குத்தான் இளைஞர்கள் அதிகம் வந்தார்கள். அரங்கம் வருகிறது, பகுதி கலகலப்பாகிறது, பிறகு அந்தக் கலகலப்பைப் பார்த்துக் குடியிருப்புகள் வருகின்றன, வந்தவர்கள் சத்தம் என்று புகார் கொடுக்கிறார்கள், கடைசியில் அரங்கம் மூடுகிறது. இதற்கு மருந்தாக, பிறகு வருபவரே ஒலித்தடுப்புச் செலவை ஏற்க வேண்டும் என்ற விதியை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014இலும் இங்கிலாந்து 2018இலும் கொண்டுவந்தன. இந்த விதியை நம் சங்கம் முழுமையாக ஆதரிக்கிறது. மறுபக்கமும் உண்டு: லண்டனில் பழைய மின் நிலையத்தில் இயங்கும் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகம் 2016இல் திறந்த புதுக் கோபுரத்தின் பார்வைத் தளத்தில் இருந்து பக்கத்துக் கண்ணாடி வீடுகளுக்குள் எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள் என்று குடியிருப்பவர்கள் வழக்குப் போட, 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. வரைபலகையிலேயே பேசித் தீர்த்திருக்க வேண்டிய விஷயம். கலைஞர்களே வாடகை கட்ட முடியாமல் வெளியேறுவது இதைவிடப் பெரிய துயரம். நியூயார்க்கில் பழைய பெல் ஆய்வகக் கட்டடத்தை ரிச்சர்ட் மேயர் 1970இல் கலைஞர் குடியிருப்பாக மாற்றிய வெஸ்ட்பெத் இன்றும் நிற்பதைப் பார்த்து, அரங்கத்தோடு சேர்த்து வீடும் கேட்க வேண்டும் என்று பலர் வலியுறுத்தினார்கள்.

இத்தனை பேச்சில் இருந்து செயற்குழு ஒரு கேள்வித்தாள் தயாரித்திருக்கிறது, அறிக்கையோடு இணைத்துள்ளோம். புதிய அரங்கத் திட்டம் எது வந்தாலும் சங்கம் முதலில் கேட்கப்போவது: திறந்து பத்தாம் ஆண்டில் இதை யார், எந்தப் பணத்தில் நடத்துவார்கள்? இப்போது அந்த இடத்தைப் பயன்படுத்துபவர்களிடம் கேட்டீர்களா? ஒத்திகைக்கும் பட்டறைக்கும் எவ்வளவு பரப்பு? மேடைப் பொருள்கள் இறக்க லாரி எங்கே நிற்கும்? கடைசிக் கேள்வியைப் பார்த்துச் சிறியது என்று நினைக்க வேண்டாம், அதைக் கேட்காமல் கட்டிய அரங்கில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தொழிலாளர்கள் படும் பாடு நம் நாடக உறுப்பினர்களுக்குத் தெரியும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார், தணிக்கை முடிந்துவிட்டது. கூட்டங்களுக்கு இடம் கொடுத்தவர்களுக்கும், படங்களும் வரைபடங்களும் தேடித் தொகுத்த இளம் உறுப்பினர்களுக்கும் நன்றி.

பொதுக்குழு முன் இரண்டு தீர்மானங்கள் வருகின்றன. கேள்வித்தாளைச் சங்கத்தின் நிலைப்பாடாக ஏற்பது ஒன்று. அடுத்த ஆண்டு முழுக்க ஒத்திகைக் கூடங்களையும் சிறு அரங்குகளையும் மட்டும் எடுத்துக்கொள்வது இன்னொன்று. இரண்டாவது நிறைவேறினால் ஒலியமைப்பு தெரிந்தவர்கள் கொண்ட ஒரு துணைக்குழு உடனே தேவைப்படும். சேர விரும்புபவர்கள் கூட்டம் முடிவதற்குள் என்னிடமோ துணைச் செயலாளரிடமோ பெயர் கொடுத்துவிடுங்கள்.