நர்ஸ் அக்காவுக்கும் அன்று கூட நின்றவர்களுக்கும்

அன்புள்ள நர்ஸ் அக்கா,

உங்கள் பேனா என்னிடம்தான் இருக்கிறது. நீல மை, மூடி இல்லை. 2021 ஜூலையில் என் தாய் சேய் நலப் புத்தகத்தில் பிரஷர் 158/104 என்று எழுதிவிட்டு 108-க்குப் போன் போட்டீர்களே, அந்த அவசரத்தில் புத்தகத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.

அந்த மே மாதக் கடைசியில் எனக்குக் கொரோனா வந்தபோது ஏழாம் மாதம். ஊரடங்கு, வளைகாப்பும் இல்லை. விரலில் மாட்டுகிற கருவி ஆக்சிஜன் 97 காட்டினால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மூன்று வாரத்தில் இருமலும் போய்விட்டது, தப்பித்தோம் என்று நினைத்தோம். கையில் பட்டை கட்டி பிரஷர் பார்க்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் தலைவலி ஆரம்பித்தது. நான் காட்டிக்கொண்டிருந்த தனியார் கிளினிக்கில் போனிலேயே கேட்டுவிட்டு, "கொரோனா வந்துபோன அசதி, ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். கால் வீக்கத்தைப் பார்த்த மாமியார், மாசமாக இருந்தால் கால் வீங்கத்தான் செய்யும் என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை, பல பேருக்கு வீங்கும்தான்.

நீங்கள் வாசலில் நின்றபடியே என் முகத்தைத்தான் முதலில் பார்த்தீர்கள். "மோதிரம் எங்கே?" என்றீர்கள். விரல் வீங்கிப்போய் சோப்பு போட்டுக் கழற்றி நாலு நாளாகியிருந்தது. உட்கார வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லி, பட்டையைக் கட்டினீர்கள். அளவைச் சொல்லாமல் மறுபடியும் கட்டினீர்கள். சிறுநீரில் நனைத்த சோதனைத் தாள் பச்சையாக மாறியது. "உப்பு இறங்குது. கண்ணுல பூச்சி பறக்குதா?" என்று கேட்டீர்கள். பறந்தது. பவர் கூடிவிட்டதாக நினைத்து நான் யாரிடமும் சொல்லவில்லை. கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் உப்பு, அதாவது புரதம், போகிற இந்த நோய்க்குப் பேர் ப்ரீஎக்ளாம்ப்சியா. முற்றினால் வலிப்பு வரும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு இடுப்பிலும் மெக்னீசியம் ஊசி போட்ட சிஸ்டருக்கு நன்றி. சத்தியமாக, பிரசவ வலியைவிட அந்த ஊசிதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வலிப்பு வராமல் காத்ததும் அதுதான். 108-இல் வந்த அண்ணன்கள் இருவருக்கும் நன்றி. கவச உடையில் உங்கள் முகம்கூடத் தெரியவில்லை, பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது. அரசு மருத்துவமனையில் இரவு முழுக்க சுத்தியலால் முட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்த பயிற்சி மருத்துவருக்கும் நன்றி. தூங்கவிடாமல் இம்சிக்கிறாரே என்று மனதுக்குள் திட்டினேன். மெக்னீசியம் அளவு மீறினால் முதலில் முட்டியின் அந்தத் துடிப்புதான் போகும் என்று பிறகுதான் தெரிந்தது.

பெரிய டாக்டரம்மாவுக்குத் தனி நன்றி. குழந்தையின் நுரையீரல் முதிர எனக்கு ஊசி போட்டு, இரண்டு நாள் பொறுத்து, 33 வாரத்தில் பிரசவம் பார்த்தார். 1.8 கிலோ. கொரோனாவால்தானா இப்படி ஆனது என்று நான் கேட்டதற்கு மழுப்பாமல் பதில் சொன்னார்: "உன் ஒருத்தி விஷயத்தில் அடித்துச் சொல்ல முடியாது. முதல் பிரசவம், அதுவே ஒரு காரணம். ஆனால் தொற்று வந்த கர்ப்பிணிகளுக்கு இது கூடுதலாக வருகிறது."

அப்புறம் நானே தேடிப் படித்தேன். 18 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், தொற்று வந்தவர்களுக்கு இந்த ரத்த அழுத்தக் கோளாறு ஏறத்தாழ 1.76 மடங்கு இருந்தது. வைரஸ் உடம்புக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் ஏசிஇ2 என்ற புரதம் நச்சுக்கொடியிலும் இருக்கிறது. ரத்தக் குழாய்கள் இறுகிவிடாமல் பார்த்துக்கொள்வதில் அதற்கும் பங்குண்டு. வைரஸ் அதைக் கெடுத்தால் அழுத்தம் ஏறலாம் என்பது ஒரு விளக்கம். குழப்பமும் இருக்கிறது. பார்சிலோனாவில் 2020-இல் கடுமையான நிமோனியாவோடு இருந்த கர்ப்பிணி ஒருவருக்கு இதே அறிகுறிகள் வந்து, பிரசவம் ஆகாமலேயே, நிமோனியா குறைந்ததும் மறைந்துவிட்டன. அசல் நோய் என்றால் நச்சுக்கொடி வெளியே வரும்வரை போகாது. எல்லா வைரஸையும் இதில் சேர்க்கவும் முடியாது. 2008-இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது எச்ஐவி போன்றவற்றோடு தொடர்பு தெரியவில்லை, சிறுநீர்த் தொற்றோடும் ஈறு நோயோடும்தான் தெரிந்தது. ஈறு எங்கே, கர்ப்பப்பை எங்கே! ஆனால் உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ரத்தக் குழாய்களுக்குத் தெரிந்துவிடும் போலிருக்கிறது.

பச்சிளம் குழந்தைப் பிரிவில் பாப்பாவை என் நெஞ்சோடு கட்டிவிட்ட சிஸ்டர்களே, உங்கள் எல்லோர் பேரையும் கேட்டு வைத்துக்கொள்ளாதது என் தப்பு.

அக்கா, வீட்டுக்கு வந்த பிறகும் நீங்கள் பட்டையோடு வந்தீர்கள். பிள்ளை பெற்ற பிறகும் வலிப்பு வரலாம், மாத்திரையை நானாக நிறுத்தக்கூடாது என்று மாமியாரையும் உட்கார வைத்துச் சொன்னீர்கள். அடுத்த தடவை கர்ப்பமானால் மூன்றாம் மாதமே வந்து சொல், இது மறுபடி வராமலிருக்க டாக்டரிடம் ஆஸ்பிரின் பற்றிக் கேட்கலாம் என்றீர்கள். சரி, இப்போதைக்கு அந்த யோசனை இல்லை.

பாப்பாவுக்கு ஐந்து வயது ஊசி போட வேண்டும். வருகிற புதன்கிழமை கூட்டி வருகிறேன். பேனாவையும் கொண்டு வருகிறேன், மூடிதான் கிடைக்கவில்லை.