வேட்டி கொடுத்தவர்களுக்கும் இஸ்திரி அண்ணனுக்கும்

பெங்களூர் அல்சூர் நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று மாலை ஒருவழியாக நம் உள்ளூர் ஓவியர்களின் கண்காட்சியைத் திறந்துவிட்டோம். எட்டு நாள் தள்ளிப்போனது, பரவாயில்லை. இதை எழுதும்போது காலை ஆறரை மணி, விரலில் இன்னும் ஈரக் காகித வாடை போகவில்லை. மழைத் தண்ணீர் எங்கள் நிலவறைக்குள் புகுந்து படங்கள் நனைந்த அன்றிரவு நடந்தது உங்களில் பாதிப் பேருக்கு நேரிலேயே தெரியும், மீதிப் பேர் வாட்ஸாப்பில் வீடியோ பார்த்துவிட்டீர்கள். ஆகவே மழை, படிக்கட்டு, மோட்டார் கதையை மறுபடி ஆரம்பிக்கப்போவதில்லை. சாக்கடை அடைப்புக்காக யாரிடம் சண்டை போட வேண்டுமோ, அதற்கு வேறொரு நாள் இருக்கிறது.

முதல் நன்றி எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டி அண்ணனுக்கு. பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். "பேரு போட்டீங்கன்னா நாளைக்கு ஊர்ல இருக்கிற நனைஞ்ச படமெல்லாம் என் வண்டிக்கு வந்துடும்மா." சரி, போடவில்லை.

தண்ணீரை இறைத்து முடிக்கும்போதே பத்து மணியைத் தாண்டிவிட்டது. மீட்டர் பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருந்ததால் கரண்ட் கிடையாது. மேல்வீட்டு வராந்தாவில் பாயை விரித்து, போன் வெளிச்சத்தில் படங்களைப் பரப்பிக்கொண்டிருந்தோம். பழைய காகிதங்களைப் பாதுகாக்கிற வேலை தெரிந்த தோழி ஒருத்தி போனில் சொல்லச் சொல்லச் செய்தோம். எண்ணெய் வண்ணமும் அக்ரிலிக்கும் கொஞ்சம் தாங்கும், காகிதத்தில் இருப்பதை முதலில் பாருங்கள் என்றாள். நீர்வண்ணத்தில் நிறத்தைப் பிடித்து வைத்திருப்பது பிசின்தான், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். ஒவ்வொரு தாளுக்கும் மேலும் கீழும் வெள்ளைப் பருத்தித் துணி வைத்துப் பளு ஏற்ற வேண்டும், துணி ஈரமானதும் மாற்ற வேண்டும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும்.

எல்லாம் சரிதான். வெளியே கொட்டுகிறது, உள்ளே மின்விசிறி கிடையாது. ஒருமுறை நனைந்த துணியை அடுத்த முறைக்கு எப்படிக் காயவைப்பது?

அண்ணன் தன் வண்டியின் தார்ப்பாய் பறந்துவிட்டதா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார். மாடியில் வெளிச்சம் ஆடுவதைப் பார்த்து ஏறி வந்தார். கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்று பார்த்தார், பேசவில்லை. அப்புறம் "பெட்டி எடுத்துட்டு வரவாம்மா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ அண்ணே, படத்து மேல பெட்டி வைக்கவே கூடாது!" என்று கத்தியேவிட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "படத்துல யாரும்மா வைக்கச் சொன்னாங்க? துணிதானே காயணும்?"

கரண்ட் இல்லாத ராத்திரியில் அந்தத் தெருவிலேயே வேலை செய்யக்கூடிய ஒரே சூடு அவருடைய கரிப்பெட்டிதான் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

வண்டியைப் போர்ட்டிகோவுக்குள் தள்ளி வைத்துக் கரியை மூட்டினார். பெட்டி சூடேறுவதற்குள் வாடிக்கையாளர்களுக்குப் போன் போட ஆரம்பித்தார். எந்த வீட்டில் எந்தத் துணி இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். "மூணாவது மாடித் தாத்தாவோட வேட்டி நல்லா நைஞ்சிருக்கும், தண்ணிய இழுக்கும்" என்று சொல்லிப் பையனை அனுப்பினார். ராத்திரி பத்தரை மணிக்கு, கொட்டும் மழையில், பழைய வேட்டி கேட்டு ஒரு பையன் கதவைத் தட்டுகிறான். ஒரு வீட்டில்கூட எதற்கு என்று இரண்டாம் முறை கேட்கவில்லையாம்.

துணி வந்ததும் அவர் செய்ததை நான் மறக்கமாட்டேன். ஒவ்வொரு வேட்டியின் முனையையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய்ப்பு. "இது கஞ்சி, வேணாம். ஈரத்துல ஒட்டிக்கும்." ஒதுக்கினார். "இதுல பாலியஸ்டர் கலந்திருக்கு, இழுக்காது." ஒதுக்கினார். கரை சாயம் போகுமோ என்று சந்தேகம் வந்தவற்றில் கரையை மட்டும் கிழித்துவிட்டார். கஞ்சி விஷயம் போனில் இருந்த தோழிக்கே அதுவரை சொல்லத் தோன்றவில்லை. "அவரையே பக்கத்தில் வைத்துக்கொள்" என்றாள்.

அதன்பிறகு விடியற்காலை நாலரை வரை ஒரே வேலை. நாங்கள் ஈர வேட்டியை மேலிருந்து இறக்குவோம். பெட்டி பட்டதும் 'உஸ்' என்று ஆவி கிளம்பும். நாலாய் மடித்து இரண்டு உதறு உதறி, சூடு தணிந்ததா என்று தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே அனுப்புவார். வண்டிக்கு அடியில் கிடந்த இன்னொரு பழைய பெட்டியையும் கொடுத்தார், பளு வைக்க. பலகை போட்டு அதன்மேல் வைத்தோம். ஆறு கிலோவாவது இருக்கும்.

நடுவில் ஒருமுறை டீ குடிக்க மேலே வந்தவர், கோலார் தங்கவயல் பெண்ணின் படங்களுக்கு முன்னால் நின்றுவிட்டார். அவள் மாரிக்குப்பம் ரயிலில் தினமும் வந்துபோகிறவள். 2001-இல் சுரங்கத்தை மூடியபோது கைக்குழந்தை. அவள் வரைவதெல்லாம் அங்கே இன்னும் குவிந்து கிடக்கும் சயனைடு மேடுகளைத்தான் (தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய கழிவு மண்), கரிக்கோலில். அதை அழுத்தினால் அப்பிக்கொள்ளும் என்று கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தோம். "இதுவும் கரிதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். "நம்ம கரியில வருமா?" "உங்களுது கெட்டிண்ணே, கீறிடும்." தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிப்போனார்.

விடிந்தபிறகு கீழே போனேன். வண்டியின் ஒரு கால் குட்டை, அதற்கு மடித்த அட்டைகளை முட்டுக்கொடுத்திருந்தார். பார்த்தால் எங்கள் பழைய அழைப்பிதழ்கள். 'உள்ளூர் ஓவியர்களின் ஆண்டுக் கண்காட்சி' என்ற வரி நன்றாகவே தெரிந்தது. மிஞ்சிய கட்டை நான்தான் அவரிடம் கொடுத்திருந்தேன், எதற்காவது உதவும் என்று. பதினோரு வருஷமாகக் கண்காட்சி நடத்துகிறேன், என் புடவையெல்லாம் அவர் வண்டிக்குத்தான் போகிறது. ஒரு தடவைகூட "வாங்க அண்ணே, வந்து பாருங்க" என்று ஓர் அழைப்பிதழைக் கையில் கொடுத்ததில்லை.

சித்ர சந்தை 2003-இலிருந்து நடக்கிறது. ஜனவரியில் ஒரு ஞாயிறு, குமாரகிருபா சாலை நெடுக ஓவியர்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஊரே வந்து பார்க்கும். நம் ஆட்களும் போய் உட்காருவார்கள். சாயங்காலமானால் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அந்தப் படங்கள் ஒரு சுவரில் பதினைந்து நாளாவது தொங்கட்டும் என்றுதான் இந்த நிலவறையை வாடகைக்குப் பிடித்தேன். சுவர் கிடைத்தது. அந்தச் சாலையில் காய்கறிப் பையோடு நின்று படம் பார்க்கிறவர்கள் ஏன் என் பன்னிரண்டு படிகளை இறங்கி வரவில்லை என்று இந்த வாரம்தான் யோசித்தேன். யாரும் அவர்களைக் கூப்பிடவே இல்லை.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். இருபது சட்டங்களைக் காசு வாங்காமல் பிரித்துக் கொடுத்த பிரேம் கடைக்காரருக்கும், வீட்டு வராந்தாவை நாலு நாள் விட்டுக்கொடுத்த மேல்வீட்டு அம்மாவுக்கும், ஒட்டிக்கொண்ட புகைப்படங்களைக் காயவிடாமல் தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பொறுமையாகப் பிரித்த இரண்டு கல்லூரிப் பையன்களுக்கும், காலையில் ஒரு குண்டான் சித்ரான்னத்தோடு வந்து நின்ற எதிர்வீட்டுக் கன்னட அக்காவுக்கும், வாளி தூக்கிய எல்லோருக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் திட்டுங்கள், சேர்த்துவிடுகிறேன்.

நாலு படங்களைக் காப்பாற்ற முடியவில்லை. அதில் இரண்டு, ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் வரைந்த அல்சூர் ஏரி. அவரிடம் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "விடும்மா, ஏரித் தண்ணி ஏரியிலயே கலந்துடுச்சு" என்றார். அவருடைய மூன்றாவது ஏரிப் படம் பிழைத்தது. ஆனால் வானத்தில் வேட்டியின் நெசவு அப்படியே அச்சாகிவிட்டது. அந்தப் படத்தைக் கண்காட்சியிலிருந்து எடுத்துவிடலாமா என்றதற்கு வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார்.

நேற்று அண்ணன் வந்தார். வண்டியை மூடிவிட்டு, சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு, மனைவியோடு. விளக்கேற்றச் சொன்னேன், ஓடி ஒளிந்தார். அந்த ஏரிப் படத்துக்கு முன்னால்தான் ரொம்ப நேரம் நின்றார். மூக்கு படுகிற தூரத்துக்குப் போய்ப் பார்த்து, "மூணாவது மாடித் தாத்தா வேட்டிதான்" என்று மனைவியிடம் சொன்னார்.

அடுத்த வருஷம் முட்டிக்குக் கீழே ஒரு படமும் இருக்காது. முதல் அழைப்பிதழ் வண்டிக்கு, அடுத்தது இந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும், கையில்.

அப்புறம் ஒரு விஷயம். வேட்டிகளைத் துவைத்து, கஞ்சி போடாமல், மடித்து வண்டியில் வைத்திருக்கிறோம். கரை போன வேட்டிக்குப் புதுசு வாங்கி வைத்திருக்கிறேன், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மூலையில் சிவப்பு நூலால் 'ர' என்று தைத்த வேட்டி ஒன்று இருக்கிறது, எந்த வீட்டுடையது என்று அண்ணனுக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.