வரன் பேச்சுக்காக மறைக்கப்படும் பிள்ளைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தேவகோட்டைக்கு அருகே நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகளுக்கு வரும் மனநோயைப் பற்றி எங்கள் பக்கம் பேச்சு எழுந்தால், ‘அது அவுக வம்சத்துலயே இருக்கு’ என்பார்கள். இல்லையென்றால் ‘தாய் வளர்த்த லட்சணம்’ என்பார்கள். இந்த இரண்டு பேச்சுமே பிள்ளையை மருத்துவரிடம் போகவிடாமல் தடுப்பதைக் கண்ணால் கண்டதால் இதை எழுதுகிறேன்.

ஏழாம் வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த சிறுமி ஒருத்தி அரையாண்டு விடுமுறைக்குப் பின் பள்ளிக்கு வரவில்லை. வீடு தேடிப் போனேன். இரண்டாங்கட்டு அறையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தலைமாட்டில் வைத்த பால் ஆடை கட்டிக் கிடந்தது. ‘டீச்சர், வெளிய சொல்லிறாதீக, இவ அக்காவுக்கு வரன் வந்திருக்கு’ என்று அவளுடைய அப்பத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அப்பத்தாவின் தங்கையும் இளவயதில் இப்படித்தான் முடங்கிக் கிடந்தாராம். மருத்துவருக்கு அவசியம் தெரிய வேண்டிய அந்தச் செய்தியைத்தான் ஆண்டுக்கணக்கில் மூடி வைத்திருந்தார்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்த தந்தை அவ்வாண்டு ஊருக்கு வராததும், வகுப்பில் அவளது நிறத்தைச் சொல்லிக் கேலி செய்ததும் பின்னர்தான் வெளிவந்தன. அந்தக் கேலி என் வகுப்பிலேயே எனக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

மரபுக்குப் பங்கு உண்டு என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா; இல்லாத குரல் கேட்பது, காரணமின்றிச் சந்தேகிப்பது போன்றவை தோன்றும் மனநோய்) வந்தாலும், பாதிக்கும் மேற்பட்ட இணைகளில் மற்றவருக்கு அது வருவதில்லை. பெற்றோரில் ஒருவருக்கு அந்நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து அளவில்தான். மனச்சோர்வில் மரபின் பங்கு 40 விழுக்காட்டை ஒட்டியது என்கிறார்கள்; அது மக்களிடையே காணும் வேறுபாட்டைக் குறிக்கும் கணக்கு, ஒரு பிள்ளையின் தலையெழுத்தைச் சொல்லும் கணக்கன்று. கருவுற்ற தாயின் மனநிலையும் ஊட்டமும், வீட்டுச் சண்டையும், அடியும், பள்ளியில் படும் அவமானமும் அந்த மரபோடு சேர்ந்துதான் வேலை செய்கின்றன. இவற்றில் பலவற்றை நம்மால் மாற்ற முடியும். அதனால்தான் காலதாமதம் எனக்குப் பெரிய குற்றமாகத் தோன்றுகிறது. மனநோய்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்கு முன்பும், பாதி 18 வயதுக்கு முன்பும் தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழுவினர் பல்லையும் கண்ணையும் பார்ப்பதோடு நில்லாமல், தூக்கத்தையும் பசியையும் குடும்பத்தில் முன்பு யாருக்கேனும் மனநோய் இருந்ததா என்பதையும், பெற்றோரைத் தனியே அழைத்து, ஊர் அறியாதபடி கேட்டறிய மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். கட்டணமின்றித் தமிழிலேயே பேசக்கூடிய 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண் 2022 முதல் இருந்தும், காரைக்குடியைச் சுற்றியுள்ள எத்தனையோ வீடுகளுக்கு அது எட்டவில்லை. அந்த எண்ணை ஒவ்வொரு பள்ளியின் வாசற்சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தேவகோட்டை வட்டம்